கம்பத்தைவிட்டு இறங்காதவன்

எங்கள் கேசட் விற்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் சரி. 1997-இல் வேலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். அட்டை அச்சடித்து, பெட்டிகளை பஸ் மேல் ஏற்றி ஆரணிக்குக் கொண்டுவந்தோம். சொந்தக்காரர்கள் சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மிச்சப் பெட்டிகளை சிவகுமாரின் கடையில் இறக்கினேன். வெறும் கேசட் கொண்டுபோனால் கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் பதிந்து கொடுக்கும் கடை அது. "வித்தா குடு. விக்கலன்னா நீயே வெச்சிக்கோ" என்றேன்.

மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. இசையும் கிடாரும் ஜெயக்குமார். குரல் சின்னதுரை. வரிகள் நான். அப்போதுதான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டிருந்தேன். கோபத்தை எதிலாவது கொட்ட வேண்டியிருந்தது. ஜெயக்குமார் வேலூரில் யாரோ ஒருவனின் ஹாஸ்டல் அறையில் ஒரு ராக் ஆப்பராவைக் கேட்டுவிட்டு வந்து நின்றான்.

"கதை மொத்தமும் பாட்டுடா. வசனம் ஒரு வரி கிடையாது. கிடாரு, டிரம்ஸு, உயிர் போறாப்ல ஒரு கத்தல். எல்லாம் கதைக்குள்ளயே வருது."

"கூத்துன்னு சொல்லு" என்றார் சின்னதுரை.

"கூத்துல நடுவுல பேசுவாங்கண்ணா. இதுல மூச்சே உட மாட்டான்."

நாங்கள் எழுதிய கதை இது. புயலில் ஓர் ஊர் இருண்டுபோகிறது. லைன்மேன் ஒருவன் கம்பத்தில் ஏறி கரண்டைக் கொண்டுவருகிறான். விளக்கு எரிந்ததும் ஊர் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. ஏணி பிடித்தவனும் போய்விடுகிறான். மேலே இருப்பவன் ஒரு முடிவுக்கு வருகிறான்: யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறங்குவது. ஊர் திரண்டு வருகிறது. கரண்டுக்காரரே என்கிறது, தம்பி என்கிறது, சாமி என்கிறது. பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசிப் பாட்டில் அவனே சொல்கிறான்: "என் பேரு முனிரத்தினம்." மெட்டுக்கு அந்த நீளத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சின்னதுரை அந்த இடத்தைப் பிடித்த உயரத்தில் ஸ்டுடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஊர் இன்னும் ஒரு தடவை கூப்பிடும், ஆல்பம் முடிந்துவிடும். அவன் இறங்கினானா இல்லையா என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியாது.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். ஜெயக்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். நான் வெளியூரில் சில கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, செய்யாரில் ஒன்றில் நைட் ஷிப்ட் பிடித்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிந்ததும் இறக்கிவிடும். பகலெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவேன். ஊரில் யார் செத்தார்கள், என்ன பாட்டு ஓடுகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

சின்னதுரைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அவர் சேத்துப்பட்டு போகும் வழியில் ஒரு ஊரின் காலனிக்காரர். கல்யாணக் கச்சேரிகளில் பாடிப் பிழைத்தவர். கட்டியை எடுத்தால் குரல் போனாலும் போகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் எடுத்தார். போயிற்று. பாதி காற்றும் பாதி சத்தமுமாக ஒன்று மிஞ்சியது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். இப்போது ஆரணியில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டையின் வாயைத் தைக்கிறார். "அந்த மெசினு சத்தத்துல… யாரும் பேச முடியாது. எல்லாரும் என்ன மாதிரிதான்" என்பார்.

2005 மழைக்காலம் முடிகிற நேரத்தில் சிவகுமார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கேசட் வியாபாரம் படுத்த பிறகு அவன் கல்யாண வீடியோவுக்கு மாறியிருந்தான். அவன் எடுப்பான், அவன் மனைவி லாவண்யா கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவாள். மாலை மாற்றும்போது இதயம் பறந்து வருவதெல்லாம் அவள் கைவேலை.

"லோக்கல் கேபிள்ல பொங்கலுக்கு ஒரு மணி நேரம் குடுக்கறாங்க" என்றான். "கல்யாணமும் காதுகுத்தும் போட்டுப் போட்டு ஜனங்களுக்குப் பேஜாராப் பூட்ச்சி. உங்க கேசட்ட படமா எடுத்துட்டா இன்னா?"

"ஒருத்தனும் வாங்காத கேசட்டு அது."

சிவகுமார் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். "எங்கிட்ட குடுத்துட்டுப் போன இல்ல. ஒரு விசுவாசம்தான்."

அவனுக்கு விசுவாசமெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேமரா அவனிடம் இருந்தது. அன்று மாலையே சின்னதுரையைக் கடைக்குக் கூட்டிவந்தேன்.

சிவகுமார் எடுத்த எடுப்பிலேயே சொன்னான். "குரல் உன்னுது, அதுல மாத்தம் இல்ல. கம்பத்துல ஏறறது நம்ம ஆகாஷ்." ஆகாஷ் லாவண்யாவின் அக்கா மகன். காலேஜ் டான்ஸ் போட்டியில் கப் வாங்கியவன். தலைமுடியை முள்ளு முள்ளாக நிறுத்தியிருப்பான்.

"நான்தான் ஏறுவேன்" என்றார் சின்னதுரை.

"கோச்சிக்காத பா. ஸ்கிரீன்னா ஒரு மூஞ்சி வேணும். கழுத்துல தையல் வேற தெரியுது உனக்கு." சிவகுமார் அவரை நீ என்றுதான் பேசுவான். அவர் அவனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"குரல் யாருது?"

"உன்னுது."

"அப்ப வாயும் என்னுது."

லாவண்யா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமல் சொன்னாள்: "கடைசிப் பாட்ட மொதல்ல எடுத்துப் பாருங்க. அண்ணன் சரியா வந்தார்னா மொத்தமும் அவுரு. இல்லன்னா மொத்தமும் ஆகாஷு. ஏன் சண்ட?"

அப்படியே முடிவாயிற்று. திரும்பி நடக்கும்போது சின்னதுரை என்னிடம் சொன்னார். "டேப்புல கேட்டா… யாரோ பாடறாப்ல இருக்குது. மேடையில பாடினத கூட… நான் பாத்தது இல்ல. அந்தக் குரல என் மூஞ்சில வெச்சி… ஒரு வாட்டி பாக்கணும். அவ்ளோதான்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ எழுத்தாளரு. உனுக்குப் புரியாது" என்றார்.

காதுக்குச் செய்ததைக் கண்ணுக்குச் செய்வது லேசான வேலை இல்லை. கேசட்டில் புயல் என்றால் ஜெயக்குமாரின் கிடார் இரண்டு நிமிடம் ஊளையிடும். அந்த இரண்டு நிமிடமும் திரையில் என்ன இருக்கும்?

"இங்க இன்னாத்த காட்டறது?" என்றான் சிவகுமார். "மாப்ள ஊர்வலம்னா குதிரைய காட்டலாம்."

ரைஸ்மில்லில் உமியை ஊதித் தள்ளும் பெரிய ஃபேன் இருந்தது. உமிப் புயல் என்று முடிவு செய்தோம். கேசட்டில் ஊர் ஜனங்கள் என்று பாடியது நாங்கள் மூன்று பேரும் ஸ்டுடியோ வாட்ச்மேனும்தான். திரும்பத் திரும்பப் பதிந்து கூட்டமாக்கினோம். படத்தில் நான்கு பேரைக் கூட்டமாக்க முடியாது. நிஜமான ஜனம் வேண்டும். அது லாவண்யாவின் பொறுப்பு. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டுத் தறி போட்டிருந்த தெய்வநாயகியிடம் சொன்னாள். தெய்வநாயகி சொன்னால் அந்தத் தெருவே கிளம்பும்.

சிவகுமாரிடம் எனக்கு இருந்த பெரிய தொல்லை வேறு. கல்யாண வீடியோவில் அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. தாலி கட்டுவதை ஒரு ஓரமாக எடுத்தால்கூட யாரும் கேட்கமாட்டார்கள். வந்தவர்களில் ஒரு முகம் விட்டுப்போனால் கேசட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கே நான்கு பேர் உட்கார்ந்திருந்தாலும் அவன் கேமரா தானாக அந்தப் பக்கம் போகும். "கூட்டத்த காட்டாத. மேல இருக்கறவரைக் காட்டு" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "தெரியும்டா" என்றான்.

மில் லீவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டை எடுத்தோம். நெல் காயவைக்கும் களத்தின் ஓரத்தில் ஒரு பழைய இரும்புக் கம்பம் நின்றது. டிரான்ஸ்பார்மரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதால் அதில் கம்பி இல்லை. சின்னதுரை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி, குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்தார். சணல் கயிற்றால் இடுப்பைக் கட்டினோம். சிவகுமார் ஏணியில் ஏறி அவர் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினான்.

"இவர் பேசப் போறதில்லையே, இது எதுக்கு?" என்றேன்.

"மாப்ளைக்கு மைக் குத்தாம நான் கேமராவையே தொட்டது இல்ல. இருக்கட்டும் வுடு."

காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் அவர் முகத்தை மட்டும் எடுத்தோம். லாவண்யா டேப் போட்டாள். நாங்கள் வேலூரில் பதிந்த ஒரிஜினல் அது. எட்டு வருடத்துக்கு முந்தைய சின்னதுரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து களம் அதிரப் பாடினார். மேலே இருந்த சின்னதுரை வாயசைத்தார். ஒரு சொல் தவறவில்லை. மூச்சு எடுக்கும் இடம்கூடச் சரியாக இருந்தது. ஆனால் பார்க்க நன்றாக இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவரைப் போல இருந்தது.

சிவகுமார் கேமராவின் சின்னத் திரையில் எனக்குப் போட்டுக் காட்டினான். "உச்சியில பாடறவனுக்குக் கழுத்து பொடைக்கணும்டா. இவருக்கு அசையவே இல்ல பாரு."

இன்னும் இரண்டு தடவை எடுத்தோம். அதேதான். களத்தின் ஓரத்தில் ஆகாஷ் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் மேல் தப்பு இல்லை, கூப்பிட்டார்கள், வந்திருந்தான்.

"நாளைக்கு ஆகாஷ வெச்சி எடுத்துடலாம்" என்றான் சிவகுமார். "இன்னிக்கி கூட்டத்த மட்டும் முடிச்சிக்கலாம். அதுவரைக்கும் இவரு மேலயே குந்தட்டும்."

இதை ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். மேலே எல்லாம் கேட்டது. சின்னதுரை எங்கள் பக்கம் பார்க்காமல் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெய்வநாயகி தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். தறிக்காரர்கள், பாவு சுற்றுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், மில்லில் வேலை செய்யும் பெண்கள். எல்லாரும் நல்ல துணி கட்டியிருந்தார்கள். புயலில் கரண்ட் இல்லாமல் தவித்த ஊர் மாதிரி ஒருவரும் இல்லை.

"நாங்க இன்னா பண்ணணும்?" என்றாள் தெய்வநாயகி.

"மேல இருக்கறவரையே அண்ணாந்து பாக்கணும். கேமராவ பாக்கக் கூடாது. கெஞ்சற மாதிரி மூஞ்சி வெச்சிக்கோங்க."

"எங்கூட்டுக்காரர பாக்கற மாதிரியா?"

"அவர நீ என்னிக்கிக் கெஞ்சின?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, களமே சிரித்தது.

லாவண்யா டேப்பை ஓட்டினாள். முதலில் டிரம்ஸ் மட்டும் வரும். பிறகு ஊர் கூப்பிடும் இரண்டு வரிகள்.

கம்பத்து மேல குந்திகினு இருக்கறவனே,
உன்ன எப்பிடிக் கூப்பிட்டா எறங்குவ?

"அய்ய, இது அந்தப் பாட்டு" என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

அவள் பாடினாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். இரண்டாவது தடவை அதே வரி வந்தபோது மொத்தக் களமும் பாடியது. கேமராவுக்காக அவர்கள் பாடவில்லை. கையை ஆட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தினம் பாடுகிற பாட்டைப் பாடுவது போலப் பாடினார்கள். எனக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. நான் எழுதிய வரிகளை யாரோ பாடி நான் கேட்டதே கிடையாது. சிவகுமாரைப் பார்த்தேன். அவன் கம்பத்தை விட்டுவிட்டு, கேமராவைத் திருப்பி, ஒவ்வொரு முகமாக வரிசையாக எடுத்துக்கொண்டு போனான். பந்தியில் எடுப்பதைப் போலவே.

டேப்பில் சின்னதுரை "என் பேரு" என்று எடுத்தார்.

"போச்சி!" என்று களம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். டேப்பில் முனிரத்தினம் என்ற பெயர் உச்சியில் நீண்டுகொண்டிருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மூச்சு விட்டு, "வந்துச்சி!" என்று மறுபடியும் கத்தினார்கள். பிள்ளைகள் குதித்தார்கள். அதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது. கூட்டம் ஒரு வரி பின்னால் பாடித் தடுமாறி நின்றது.

"நிறுத்து" என்றேன்.

லாவண்யா நிறுத்தினாள். தெய்வநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, உங்க டேப்பு தப்பாப் போவுது?"

"எங்க டேப்புதாங்க ஒரிஜினல். நீங்க எதுக்குப் போச்சின்னு கத்தறீங்க?"

"பாட்டுல அந்த எடத்துல கரண்ட் பூடும் இல்ல. சினிமா பாட்டெல்லாம் முடிஞ்சப்பறம் கேசட்டு கடைசில இது வரும். தறில குந்திகினு கேப்போம். அவரு 'என் பேரு'ன்னு எடுப்பாரு, ஊங்ங்னு இழுத்துகினு நின்னுடும். நாங்க போச்சின்னு கத்துவோம். அப்பால வரும். வந்துச்சிம்போம். எங்கூட்டுல மட்டும் இல்ல, எல்லார் ஊட்லயும் அப்பிடித்தான்."

நான் சிவகுமாரைப் பார்த்தேன். அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்திருந்தான்.

"சொல்லு" என்றேன்.

"கேசட்ல ரெண்டு பக்கமும் கடைசில கொஞ்சம் எடம் மிஞ்சும்டா. காலியா குடுத்தா சண்டைக்கு வருவாங்க. உங்க பொட்டிங்க சும்மாத்தான் கெடந்துச்சி. கடைசிப் பாட்ட மட்டும் போட்டு ரொப்பினேன்."

"எத்தினி கேசட்டுல?"

"எண்ணி வெச்சனா? கடை இருந்த வரைக்கும்."

"கரண்ட்?"

"அதுவா. ஒரே ஒரு காப்பி போட்டு, அதுலேர்ந்துதான் எல்லாத்துக்கும் போட்டேன். அந்த மொத காப்பி ஓடறப்ப கரண்ட் பூட்ச்சி. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப ஓடிகினு இருந்துச்சி. உள்ள ஒரு வார்த்த மாட்டிகினு செத்தது நான் எங்க கண்டேன்?"

கரண்ட் போனதைப் பற்றிய பாட்டில் கரண்ட் போயிருந்தது. ஊரே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். சிவகுமாரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"பாடினது யாருன்னு தெரியுமா?" என்று தெய்வநாயகியிடம் கேட்டேன்.

"எவன் கண்டான். சினிமாவுல எடுக்காம வுட்ட பாட்டுன்னு நெனச்சோம்."

"கம்பத்துல இருக்கறவன் பேரு?"

"எங்க தெரியறது? சொல்லப்போற நேரத்துலதான பூடுது."

மேலே சின்னதுரை கையை அசைத்தார். என்னைக் கூப்பிடுகிறார். ஏணியில் ஏறினேன். களத்திலிருந்து பறந்த உமி அவர் முகத்தில் ஒட்டியிருந்தது. கீழே இருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தினி பேரும் பாடறாங்க" என்றார்.

"கேட்டேன். நடுவுல கத்தி கெடுத்துடறாங்க. சொல்லிப் புரிய வெக்கறேன், இன்னொரு வாட்டி எடுக்கலாம்."

"வேணாம். அவங்க பாட்டையே போடு. அந்தக் காப்பிய."

"அதுல பேரு இல்லண்ணா. கதையே அந்தப் பேருலதான் இருக்குது. உங்க குரலும் அங்கதான் உச்சிக்குப் போவுது. அத வுட்டுட்டு எப்பிடி?"

"அது டேப்புல கீது. வேணும்னா… எவனும் போட்டுக் கேட்டுக்கலாம்." மூச்சு வாங்கினார். "காப்பில அந்த எடம்… காலியாத்தான இருக்கும்?"

"ஆமா."

"அத எனக்கு வுடு."

நான் இறங்கினேன். சிவகுமாரிடம் சொன்னபோது, "பாட முடியாதவரு அங்க இன்னா பண்ணுவாரு?" என்றான். எனக்கும் தெரியாது என்றேன். லாவண்யா உடனே எழுந்தாள். சட்டை மைக்கின் வயரை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினாள். கல்யாணத்தில் ஐயர் மந்திரம் மண்டபம் முழுக்கக் கேட்பதற்குச் செய்கிற ஏற்பாடு. பிறகு ஆகாஷை தெய்வநாயகி வீட்டுக்கு அனுப்பினாள். அவன் மொபெட்டில் போய், அட்டை கிழிந்த ஒரு சினிமாக் கேசட்டைக் கொண்டுவந்தான். லாவண்யா ஓட்டி ஓட்டிக் கடைசிக்குப் போனாள். ஓர் இரைச்சல். பிறகு எங்கள் டிரம்ஸ், கிணற்றுக்குள் அடிப்பதைப் போல.

"ரெடியா?" என்றான் சிவகுமார்.

இந்தத் தடவை யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேய்ந்துபோன டேப்பில் ஊர் கூப்பிட்டது, கீழே ஊர் சேர்ந்து கூப்பிட்டது. சிவகுமார் முகங்களை எடுத்துக்கொண்டே போனான். நான் தடுக்கவில்லை. மேலே சின்னதுரை தன் பழைய குரலுக்கு வாயசைத்தார். இப்போதும் அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. உன்ன எப்பிடிக் கூப்பிட்டா எறங்குவ என்று கடைசித் தடவையாகக் கேட்டார்கள். "என் பேரு" என்று டேப் எடுத்தது. குரல் கனத்து, குழைந்து, ஊங்ங் என்று இறங்கி நின்றது.

"போச்சி!"

அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் ஒருவர் மூச்சு எடுக்கும் சத்தம் வந்தது. பெரிய மூச்சு.

"முனி" என்றது ஸ்பீக்கர். தகரத்தில் கல்லை இழுத்தது போன்ற சத்தம். அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நடுவில் காற்று மட்டும் போயிற்று. பிறகு, "ரத்தினம்."

ஒருவரும் வந்துச்சி என்று கத்தவில்லை. கத்த வேண்டிய இடம் வந்து, தாண்டிப் போயிற்று. டேப் தானாகவே மூச்சு பிடித்து, பழைய குரலோடு அடுத்த வரிக்குப் போனது. களத்தில் ஒரு வரி முழுவதும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு முன்வரிசையில் அந்தப் பெண் பாடினாள், மற்றவர்கள் சேர்ந்தார்கள், பாட்டு முடிந்தது.

"முனிரத்தினமா?" என்றாள் தெய்வநாயகி. "இத்தினி வருசமா ஆளு யாருன்னே தெரியாம கூப்ட்டுகினு இருந்திருக்கோம்."

"எங்க பெரியப்பா பேரு அது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"உங்க பெரியப்பாவ கம்பத்துல ஏத்தினா கம்பம் சாஞ்சிடும்டா."

நான் சிவகுமாரிடம் ஓடினேன். "கூட்டத்தையே எடுத்துகினு இருந்தியா? அவர வுட்டுட்டியா?"

அவன் டேப்பைப் பின்னால் ஓட்டிச் சின்னத் திரையைக் காட்டினான். முகங்கள், முகங்கள், கத்துகிற வாய்கள். போச்சி. அங்கே கேமரா வெடுக்கென்று முகங்களை விட்டு மேலே போகிறது, ஆடுகிறது, வானம் வருகிறது, பிறகு சின்னதுரை. முனி. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்திருந்தது. தையல் தழும்பு வெள்ளையாக இழுத்துக்கொண்டு நின்றது. வாய் அவருடையது, குரலும் அவருடையது. ரத்தினம்.

"பொடைச்சிச்சி பாரு" என்றான் சிவகுமார். திரையைத் துடைக்க மறந்துவிட்டிருந்தான்.

லாவண்யா காதிலிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "ஆகாஷு, உன்ன ஏணி புடிக்கறவனா போட்டுக்கலாம். பாதில வுட்டுட்டு ஓடணும். ஓடுவ இல்ல?"

"டான்ஸ் ஆடிகினே ஓடட்டுமா, சித்தி?"

"ஆடிகினே ஓடு."

அவள் சொன்ன விதத்தில் எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. இன்னும் பதினோரு பாட்டு பாக்கி. உமிப் புயல் பாக்கி. மற்றப் பாட்டுகளில் சின்னதுரைக்குக் காலியான இடம் எதுவும் கிடையாது; கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரை எப்படி இந்தப் பக்கம் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும். யோசிக்கலாம். இரவில் மெஷின் முன்னால் நிற்கும்போது எனக்கு வேறு வேலை இல்லை.

டீ வந்தது. மில் பெண்கள் தூக்குவாளிகளை இறக்கினார்கள். கூட்டம் களத்திலேயே உட்கார்ந்துவிட்டது. சின்னதுரை மட்டும் குறுக்குச் சட்டத்திலேயே இருந்தார். கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

"அண்ணா, எறங்குங்க" என்று சிவகுமார் கத்தினான். "முடிஞ்சிச்சி. சூப்பரா வந்துகீது. எறங்கி வாங்க."

அவர் தலையை அசைத்தார்.

தெய்வநாயகி டம்ளரோடு எழுந்து கம்பத்தடிக்குப் போனாள். "யோவ் முனிரத்தினம்! எறங்குயா, டீ ஆறுது."

அப்போதும் அவர் இறங்கவில்லை. வாய் அசைந்தது, சத்தம் கீழே வரவில்லை. லாவண்யா ஏற்கெனவே மைக்கை அணைத்திருந்தாள். நான் மறுபடியும் ஏணியில் ஏறினேன்.

"இன்னாண்ணா? பேர் சொல்லித்தான கூப்புடறாங்க."

"ரத்தினத்துல கடைசில… முழுங்கிட்டேன்." கண் சிவந்திருந்தது. ஆனால் முகம், ஸ்டுடியோவில் ஒவ்வொரு வரியையும் நான்கு தடவை பாட வைத்து எங்கள் உயிரை எடுத்த பழைய சின்னதுரையின் முகம். "இன்னொரு வாட்டி போகலாம்."

"தொண்ட தாங்குமா?"

"போடச் சொல்லு."

நான் கீழே பார்த்து, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினேன். ஜனங்கள் முனகிக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். சிவகுமார் பேட்டரியை மாற்றினான்.